இன்னாரின் கணவர்

பர்மாவில் ரங்கூனுக்கு வடக்கே தௌக்யான் என்ற இடத்தில் ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. அங்குள்ள நினைவிடத்தின் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் பர்மா களத்தில் இறந்து, புதைத்த இடம் தெரியாமல் போனவர்களின் பெயர்கள் அவை. அவர்களில் ஒருவர் என் அம்மாவின் தாய்மாமன். எங்களுக்கு மாமாத் தாத்தா.

நான் அங்கே போனதில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவேட்டில்தான் அவரைக் கண்டுபிடித்தேன். பெயர், படை எண், இந்தியப் பயனியர் படை, இறந்த ஆண்டு 1944, வயது 21. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், ஊர், வட ஆற்காடு மாவட்டம்.

‘இன்னாரின் மனைவி’ என்ற சொற்களை எத்தனையோ பத்திரங்களிலும் பட்டியல்களிலும் பார்த்துப் பழகியவள் நான். ஓர் ஆணை அவன் மனைவியின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டும் அரசாங்கப் பதிவை அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் இருந்த பெண்ணின் பெயர் எனக்குப் புதிது. எங்கள் அத்தைப்பாட்டியை யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் தேடத் தொடங்கியதற்குக் காரணம் வேறு. என் தம்பி மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், ஒருநாள் இரவு சாப்பாட்டுத் தட்டைத் தூக்கித் தன் தங்கை மேல் வீசினான். அவள் நெற்றியில் இரண்டு தையல். மறுநாள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசியபோது அம்மா சொன்னாள்: “அவன இன்னாத்துக்குத் திட்டுறீங்க? அது எங்க மாமா ரத்தம். அவருக்கும் இப்டித்தான், கோவம் வந்தா கண்ணு தெரியாது. ஆனா மனசு தங்கம்.” பேரன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்தச் சொற்கள் அவன் மேல் ஒரு போர்வைபோல விழுவதை நான் பார்த்தேன். பேத்தி நெற்றியில் கட்டோடு சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். அவளுக்கு யார் ரத்தம் என்று யாரும் சொல்லவில்லை.

மாமாத் தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை சிறியது. முன்கோபி. அப்பா அவரைத் தூணில் கட்டி வைத்துப் புளியம் விளாரால் அடிப்பார். மூன்று முறை வீட்டைவிட்டு ஓடினார். நான்காவது முறை ஓடியபோது பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். திரும்பி வரவில்லை. பாட்டி உயிரோடு இருந்தவரை அண்ணனின் படத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் பூ வைத்தாள். “எங்க அண்ணன் பட்டாளத்துல உயிர விட்டவரு” என்று வருகிறவர்களிடம் சொல்வாள். இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. அதைப் பெண்கள் மட்டும் தாழ்ந்த குரலில் சொல்வார்கள்: “அவ கொஞ்சம் வாய அடக்கியிருந்தா அவன் ஏன் போறான்?”

அந்த ‘அவ’தான் அத்தைப்பாட்டி.

ஒரு மனிதன் எப்படி அப்படி ஆனான் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். ரத்தம் என்ற விளக்கத்தை நான் நம்பவில்லை. நம்பாததற்கு ஆதாரம் வேண்டும் என்று நினைத்தேன்.

இங்கிலாந்தில் இப்படித் தேடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே 1841 முதல் 1921 வரையிலான மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களை யாரும் பார்க்கலாம். பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பையன் எந்த வீட்டில், யாரோடு, என்ன வேலை செய்துகொண்டு இருந்தான் என்று தொடர்ந்து போகலாம். முதல் உலகப் போர்க்காலச் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல் 1940இல் லண்டன் மீது விழுந்த குண்டுகளில் எரிந்துபோயின. அதற்குப் பிறகும் லட்சக்கணக்கானவை மிஞ்சியிருக்கின்றன.

நம் நாட்டில் கணக்கெடுப்பு ஆட்களை எண்ணியது. அட்டவணைகளை வைத்துக்கொண்டு தாள்களைக் கைவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரங்களை யாரும் பார்க்கவும் முடியாது. ஆகவே 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் இரவு எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு ஆவணம் கிடையாது. மாவட்டத்தில் இத்தனை ஆண், இத்தனை பெண், மணமானவர் இத்தனை, மணமாகாதவர் இத்தனை என்ற எண்கள் மட்டும் உண்டு.

ஆனாலும் அந்த அட்டவணைகளில் அவர்கள் இருவரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்போது கல்யாணம் நடந்தது என்று அம்மாவுக்குத் தெரியும். பாட்டி அடிக்கடி சொல்வாளாம்: “சாரதா சட்டம் வர்றதுக்கு முன்னாடி முடிச்சுடணும்னு ஊரே அவசரப்பட்டுச்சு.” பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச மண வயதை வைத்த அந்தச் சட்டம் 1929 செப்டம்பரில் நிறைவேறியது. 1930 ஏப்ரல் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் கிடைத்த ஆறு மாதத்தில் நாடு முழுக்கக் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு எடுத்த கணக்கில் மணமான சிறுவர் சிறுமியரின் எண்ணிக்கை ஏறியிருந்தது. கணக்கெடுப்பு அதிகாரிகளே அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம், வருவதற்கு முன்பே இவ்வளவு பேரை மணமேடைக்கு விரட்டியது. எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்குப் பத்து வயது. பெண்ணுக்கு ஐந்தோ ஆறோ.

அதாவது ‘மணமானவர், பெண்’ என்ற தலைப்பின் கீழ், ஐந்திலிருந்து பத்து வயதுக்கான கட்டத்தில் இருக்கும் எண்ணில் ஒன்று அத்தைப்பாட்டி. அந்தக் காலக் கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு விதி இருந்தது. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல வீட்டார் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பெயர் எழுதும் இடத்தில் ‘பெண்’ என்று எழுதினால் போதும். எங்கள் வீட்டார் என்ன செய்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. எப்படி எழுதியிருந்தாலும் கூட்டல் தொகை மாறாது.

உடற்குறைகளுக்கும் அந்தக் கணக்கில் இடம் இருந்தது. பைத்தியம், காது கேளாமையுடன் கூடிய ஊமைத்தன்மை, குருடு, தொழுநோய் என்று நான்கு வகை. தூணில் கட்டி அடிக்கப்பட்ட பையனுக்கு அதில் கட்டம் இல்லை. அவன் கையில் அகப்படப் போகிற சிறுமிக்கும் இல்லை.

கணக்கெடுப்பு தராததைப் பட்டாளம் ஓரளவு தந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமலே 25 லட்சம் பேர்வரை போன படை அது. சென்னை மாகாணத்தார் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று சொல்லி முதல் போருக்குப் பின் மெட்ராஸ் ரெஜிமெண்டைக் கலைத்த வெள்ளைக்காரன், தேவை வந்தபோது 1941இல் அதை மறுபடி உருவாக்கினான். சண்டைப் படையில் சேராதவர்களுக்குப் பயனியர் படை இருந்தது. சாலை போடுவது, மூட்டை இறக்குவது, விமானத் தளம் சமன் செய்வதுதான் அதன் வேலை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப் போருக்காக வைத்த ஒரு கல் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 ஆண்கள் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் தந்தார்கள் என்று அது சொல்லும். அது ஆண்களை எண்ணும் கல். அவர்கள் போன பிறகு எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் என்ன ஆனார்கள் என்று எண்ணுகிற கல்லை நான் எங்கும் பார்த்ததில்லை.

அந்த முதல் போரில் இறந்த பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களின் பெயரைக்கூட வெள்ளையரசு கல்லில் வெட்டவில்லை. பாஸ்ரா நினைவிடத்தில் இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாகவே குறித்தார்கள். அந்தப் பாகுபாட்டுக்காகக் கல்லறைகள் ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. இரண்டாம் போரில் நிலைமை மாறியிருந்தது. மாமாத் தாத்தாவின் பெயர் கல்லில் ஏறியது. பதிவேட்டில் அவர் மனைவியின் பெயரும் ஏறியது.

அந்தப் பெயரைப் பார்த்ததும் எழுத்தர் தவறு செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் அது மாமாத் தாத்தாவின் அம்மாவுடைய பெயர். அம்மாவிடம் கேட்டேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “தப்பில்ல. அத்தைக்கும் அதான் பேரு. மாமியார் பேரும் மருமக பேரும் ஒண்ணா இருந்தா எப்படி அதட்டிக் கூப்புடறது? அதனால வந்த அன்னைக்கே பேர மாத்திட்டாங்க.” அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளைப் பிறந்த பெயரால் அழைக்கவில்லை. அவளும் அந்தக் கால வழக்கப்படி புருஷன் பெயரைச் சொன்னதில்லை. ஆனால் எங்கோ ஓர் ஆள்சேர்ப்பு மேசையின் முன் நின்று, மனைவி பெயர் என்ன என்று கேட்டபோது, அந்த முரடன் வீட்டில் வைத்த பெயரைச் சொல்லாமல் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து வயதில் கல்யாணம் கட்டி வைக்கப்பட்டு, அடிபட்டு வளர்ந்து, இருபது சொச்சம் வயதில் மழைக்காட்டில் செத்துப்போன பையனை நினைத்து அழுதேன். பதிவேடு 21 என்கிறது. எங்கள் கணக்குப்படி 24. எப்படியானாலும் சிறுவயதுதான். அவன் அவளை நேசித்தான் என்று மனம் சொன்னது. வெளியே சொல்லத் தெரியாத அன்புதான் அந்தப் பெயர் என்று தோன்றியது. அம்மா சொன்ன ‘மனசு தங்கம்’ உண்மைதானோ என்றுகூட நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா ஒரு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அத்தைப்பாட்டியின் குடும்ப பென்ஷன் காகிதம். பணம் வாங்க வருகிறவள் அவள்தானா என்று சரிபார்க்க அதில் உயரமும் அங்க அடையாளங்களும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. முதல் அடையாளம்: வலது முன்கையின் உட்புறம் நீண்ட தீத்தழும்பு.

அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். ஐந்து, ஆறு வயதில் அவள் மடியில் படுத்துக்கொண்டு அதை விரலால் தடவியிருக்கிறேன். மற்ற தோலைவிட வழவழப்பாக இருக்கும். இது என்ன என்று கேட்டால், “கஞ்சி வடிக்கும்போது ஊத்திக்கிச்சு” என்பாள். அம்மா இப்போதுதான் சொன்னாள். கஞ்சி இல்லை. அடுப்பில் பழுக்கக் காய்ந்த தோசைக்கரண்டி. அவளுக்கு அப்போது பதினாறு வயது. சாப்பாட்டுக்குத் தாமதமானதுதான் காரணம்.

அவன் போட்ட தழும்பைக் காட்டி அவன் பென்ஷனை அவள் வாங்கினாள். வாங்கிய பணம் மாமனார் கைக்குப் போனது. ஒவ்வொரு முறையும் அவள் உயிரோடிருக்கிறாள், மறுமணம் செய்யவில்லை என்று சான்று தர வேண்டும். மறுமணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும். இறந்தவனின் சகோதரனையே மணந்துகொண்டால் விதியில் விலக்கு உண்டு. அரசின் பார்வையில் அந்தப் பணம் ஓர் ஆணின் வீட்டோடு கட்டப்பட்டது. அந்த வீட்டைவிட்டு அவள் வெளியேறாதவரை அவளுக்கு உரியது. இருபது வயதில் விதவையானவள் அந்த வீட்டிலேயே இருந்து மாமியாருக்குப் பணிவிடை செய்து, நாத்தனார் பிள்ளைகளை வளர்த்து, 1979இல் செத்தாள். அவன் போனதற்குக் காரணம் அவள் வாய் என்ற பேச்சு அவள் காது கேட்கும் தூரத்தில்தான் நடந்தது.

இந்தக் காகிதத்துக்குப் பிறகு என் அழுகையை நானே விசாரிக்க வேண்டியிருந்தது.

ஒருவனைப் புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு என்று எல்லோரும் சொல்வோம். நடைமுறையில் இரண்டும் சீக்கிரம் கலந்துவிடுகின்றன. அப்பா அடித்தார், சின்ன வயதில் கல்யாணம், கையில் காசில்லை, பட்டாளம் கொன்றது என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் கரண்டியைப் பிடித்த கை காணாமல் போய்விடுகிறது. காரணங்கள் எல்லாம் உண்மை. அவற்றைச் சொல்லத்தான் வேண்டும். தூணில் கட்டப்பட்ட சிறுவனுக்கு நடந்தது அநியாயம். அதை மறைத்தால் நானும் பொய் சொல்கிறவளாவேன். ஆனால் அதே காரணங்களை அவளுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாமா? அவளுக்கு இன்னும் சின்ன வயதில் கல்யாணம். அவளும் அடிபட்டாள். பெயரைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் யாருக்கும் சூடு வைக்கவில்லை. என் அம்மாவைத் தோளில் போட்டு வளர்த்தாள். பட்ட துன்பம்தான் ஒருவனை வன்முறையாளனாக்கியது என்றால், அவனைவிட அதிகம் பட்டவள் ஏன் அப்படி ஆகவில்லை?

அவனும் எல்லோரையும் அடிக்கவில்லை. தன்னைக் கட்டி வைத்து அடித்த அப்பாவின் மேல் கை ஓங்கியதாக எந்தக் கதையும் இல்லை. கோபம் வந்தால் கண் தெரியாது என்கிறார்கள். தனக்குக் கீழே இருப்பவள் மட்டும் எப்படியோ அந்தக் கண்ணுக்குத் தெரிந்தாள். அதை ரத்தம் கற்றுத் தரவில்லை. யாரை அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதை வீடு கற்றுத் தந்தது.

அப்படியானால் அவன் சொன்ன பெயர்? அது அன்பாக இருக்கலாம். ஒரு கேள்விக்கு உரிய விடையாக மட்டும் இருக்கலாம். அம்மாவின் பெயரை உச்சரிக்கும் ஏக்கமாகக்கூட இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்தத் தழும்புக்கு அது ஈடல்ல. அன்பு இருந்தது என்று நிரூபித்தாலும் கணக்கு நேராகாது. அடிக்கிற ஆண்களில் பலர் நேசிக்கவும் செய்கிறார்கள். அதை வைத்துத்தான் எத்தனையோ பெண்களைத் திருப்பி அனுப்புகிறோம். மன்னிக்கும் உரிமை அவளுக்கு மட்டுமே இருந்தது. கஞ்சி ஊற்றிக்கொண்டது என்று அவள் சொன்னது மன்னிப்பா, வெட்கமா, குழந்தைக்குச் சொல்லக் கூடாது என்ற கருணையா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. அவள் சார்பில் மன்னிக்கும் வேலையை எங்கள் குடும்பம் எண்பது ஆண்டாகச் செய்து வருகிறது. நான் அதில் சேராமல் இருக்கலாம். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. இவ்வளவு எழுதியவள் அவள் பெயரை ஏன் எழுதவில்லை?

1911இல் இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்ட பெண்கள் மக்கள் தொகைக் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். எங்களுக்கு ஓட்டு இல்லையென்றால் உங்கள் கணக்கில் நாங்களும் இல்லை என்றார்கள். எமிலி வைல்டிங் டேவிசன் அந்த இரவு நாடாளுமன்றக் கட்டடத்தில் ஓர் அலமாரியில் ஒளிந்துகொண்டார். கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே ஒரு முறையும், குடியிருந்த வீட்டில் ஒரு முறையுமாக இரண்டு முறை அவர் பெயர் பதிவானது. இங்கே நேர்மாறாக நடந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்லாத ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். பெரும்பாலும் வட மாநிலத்தவர்கள். பெயரைத் தர மறுப்பது ஒருத்திக்குப் போராட்டம். பெயர் சொல்ல முடியாமல் போவது இன்னொருத்திக்கு இழப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெற்றிடம்தான். அதை யார் முடிவு செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

அத்தைப்பாட்டியின் வாழ்வில் எதையும் அவளைக் கேட்டு முடிவு செய்யவில்லை. கல்யாணம், பெயர் மாற்றம், பென்ஷன் எதுவும். இப்போது என் கட்டுரைக்காக அவள் தழும்பைக் கடைத்தெருவுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். அதற்கும் அவளைக் கேட்கவில்லை. அவள் மூடி வைத்த கதை இது. அதை எழுதியதில் எனக்கு உறுத்தல் இருக்கிறது. இருந்தும் எழுதினேன், ஏனென்றால் மூடி வைத்ததன் பலன் அவளுக்குக் கிடைக்கவில்லை. ‘மனசு தங்கம்’ என்ற கதைக்குத்தான் கிடைத்தது. பெயரையாவது அவளிடமே விட்டு வைக்கிறேன். இதுவும் ‘பெண்’ என்று மட்டும் எழுதிய கணக்கெடுப்பாளரின் வேலைதானே என்று யாராவது கேட்டால் என்னிடம் முழுமையான பதில் இல்லை. அவர் பெயரைத் தெரிந்துகொள்ள அக்கறைப்படவில்லை, நான் தெரிந்துகொண்டு காக்கிறேன் என்று மட்டும் சொல்லலாம்.

எங்கள் குடும்ப நோட்டில் அவளுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கினேன். பிறந்த பெயரை எழுதினேன். யாருடைய மனைவி என்று எழுதவில்லை.

போன மாதம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனையும் தங்கையையும் உட்கார வைத்து, பதிவேட்டு வரியையும் பென்ஷன் காகிதத்தையும் காட்டி, மாமாத் தாத்தாவின் கதையை முழுவதுமாகச் சொன்னேன். தூணையும் சொன்னேன், கரண்டியையும் சொன்னேன். பையன் நெடுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஆயா சொன்னது பொய்யா அத்தை?” என்றான். பொய் இல்லை, பாதி என்றேன். ரத்தத்தில் எதுவும் வரவில்லை, அந்தத் தட்டை நீதான் எறிந்தாய் என்றும் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அது நடக்க இன்னும் நாளாகலாம்.

அவள்தான் கேட்டாள்: “அந்தப் பாட்டி பேரு இன்னா அத்தை?”

சொன்னேன். அவள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.